‘தி நாக்அவுட்’ தொடரைப் பார்த்த அனுபவம்: முழுமையாக உருவான மீன் வியாபாரியும் பாதியில் விடப்பட்ட காவலரும்

பதிவு 1

சீனக் குற்றத் தொடர்களில் ஒன்றை முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதி வரை விடாமல் பார்த்தேன் என்றால் அது ‘தி நாக்அவுட்’ மட்டுமே. மொத்தம் 39 பகுதிகள். 2023 ஜனவரி 14 அன்று சீன மத்தியத் தொலைக்காட்சியின் எட்டாம் அலைவரிசையிலும் ஐச்சியி என்ற இணையக் காணொளித் தளத்திலும் தொடங்கி, சீனப் புத்தாண்டு விடுமுறையைக் கடந்து பிப்ரவரி 1 அன்று முடிந்தது. இயக்குநர் ஷூ ஜிஜோவ். நான் ஆங்கிலத் துணையெழுத்துகளின் உதவியுடன், ஒளிபரப்பு முடிந்து வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். இதைப் பார்த்த மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றாக இருக்கும் என்பதால் நான் முதலில் தொடங்குகிறேன். கதையின் திருப்பங்கள் சிலவற்றைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச இயலாது. இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை நடப்பது ஜிங்ஹாய் என்ற கற்பனை நகரத்தில். 2000, 2006, 2021 என்று மூன்று காலங்கள். பழைய தொழிற்சாலைத் தெருச் சந்தையில் மீன் விற்கும் காவ் சீச்சியாங், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து தம்பியையும் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவன். சந்தையை ஆட்டிப் படைக்கும் தாங் சகோதரர்களிடம் அடிபட்டு, புத்தாண்டுக்கு முந்தைய இரவில் காவல் நிலையத்தில் கைவிலங்குடன் அமர்ந்திருக்கிறான். இளம் காவலர் ஆன் ஷின் அவனுக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுக்கிறார். அந்த ஒரு கனிவான செயலிலிருந்துதான் இருபது ஆண்டுக் கேடு முளைக்கிறது என்பதே இந்தத் தொடரின் மிகச் சிறந்த கற்பனை. காவலர் ஒருவர் இவனுக்குப் பழக்கம் என்று தெரிந்தவுடன், அவனை அடித்தவர்களே அஞ்சத் தொடங்குகிறார்கள். அவன் எதையும் திட்டமிடவில்லை. அவர்களுடைய அச்சத்தைக் கண்டுகொள்கிறான், அவ்வளவே. அதிகாரம் என்பது கையில் இருக்க வேண்டியதில்லை, இருப்பதாகப் பிறர் நம்பினால் போதும் என்பதை அவன் கற்றுக்கொள்ளும் அந்த ஓரிரு பகுதிகளைப் போல நுணுக்கமாக எழுதப்பட்ட குற்றக் கதையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

காவ் சீச்சியாங்காக நடித்திருப்பவர் ஜாங் சோங்வென். குவாங்தோங் மாகாணத்தைச் சேர்ந்தவர். சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்த்த பின்னர், மற்ற மாணவர்களைவிட வயது கூடிய நிலையில் பெய்ஜிங் திரைப்படக் கழகத்தில் சேர்ந்து படித்தவர். மீன் வியாபாரியாக வரும்போது அவருடைய தோள்கள் கூனியிருக்கும். யாராவது அதட்டினால் கை தானாகவே ஆடையில் துடைத்துக்கொள்ளும். 2006இல் அதே மனிதர் விலையுயர்ந்த கோட்டு அணிந்து நிமிர்ந்து நடக்கிறார், ஆனால் உண்ணும்போது மட்டும் பழைய அவசரம் அப்படியே இருக்கிறது. பன்றிக்கால் நூடுல்ஸ் சாப்பிடும் காட்சியைக் குறிப்பிட வேண்டும். ஒரே கிண்ணத்தை மூவரும் பகிர்ந்துகொண்ட காலத்தில் நல்ல பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தவன் அவன். பல கொலைகளுக்குக் காரணமானவனாக அவன் மாறிய பிறகும் பார்வையாளரால் அவனை முழுமையாக வெறுக்க முடியாததற்கு இந்தக் கிண்ணமே காரணம் என்று சொல்வேன்.

அவனுடைய மனைவியாக வரும் சென் ஷூடிங் பாத்திரத்தில் காவ் யே நடித்திருக்கிறார். அவர் அளவாகப் பேசி, புன்னகையோடு மிரட்டுகிறார். கட்டுமான நிறுவனத்தின் மூத்தவர் சென் டாய் என்ற பாத்திரத்தில் வரும் நி தாஹோங், நாற்காலியில் சாய்ந்திருந்தபடியே காட்சியைத் தன்வசமாக்கிக்கொள்கிறார். அடியாள் லாவ் மோவிடம் “மீன் சாப்பிட வேண்டும் போலிருக்கிறது” என்று சொல்லி அனுப்பினால் அதற்குக் கொலை என்று பொருள். அந்த வாசகம் சீன இணையத்தில் நகைச்சுவைத் துணுக்காகவே பரவிவிட்டது.

இனி குறைகள். 2021ஆம் ஆண்டில் நடக்கும் பகுதிக்குக் கதை முழுமையாக நகர்ந்த பிறகு, அதே எழுத்தாளர்கள்தான் எழுதினார்களா என்ற ஐயம் எனக்குத் தோன்றியது. காவல்துறைக்குள் களையெடுப்பதற்காக மாகாணத்திலிருந்து வழிகாட்டுக் குழு ஒன்று நகருக்கு வருகிறது. குழுவினர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள், கோப்புகளைப் புரட்டுகிறார்கள், சரியானதை மட்டுமே சொல்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடத் தனிப்பட்ட வாழ்க்கை இல்லை. அதுவரை ஒவ்வொரு குற்றமும் பசியிலிருந்தோ பயத்திலிருந்தோ பாசத்திலிருந்தோ பிறந்தது. இங்கே குற்றவாளிகள் வீழ்வதற்குக் காரணம், மேலிடம் முடிவெடுத்துவிட்டது என்பதுதான். சென் ஷூடிங் போன்ற பாத்திரத்தைத் திரைக்கதை அவசரமாக அகற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அதைவிட எரிச்சலூட்டுவது, இறுதிப் பகுதிகளில் நடிகர்களின் வாயசைவும் குரலும் பொருந்தாத இடங்கள். படப்பிடிப்பில் பேசிய வசனம் ஒன்று, பின்னர் ஒலிப்பதிவில் மாற்றப்பட்டது வேறொன்று என்பது சீன மொழி தெரியாத எனக்கே புலப்பட்டது. சீன ரசிகர்களும் இதைப் பற்றிப் பரவலாகக் குறை கூறினார்கள். பார்வையாளர்கள் மதிப்பெண் இடும் டோபான் என்ற சீனத் தளத்தில் தொடக்கத்தில் ஒன்பதைத் தாண்டியிருந்த மதிப்பெண் முடிவில் 8.5க்கு இறங்கியதில் வியப்பில்லை.

காவலர் ஆன் ஷின்னைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. ஜாங் யி சிறந்த நடிகர். இருபது ஆண்டுகளில் அவருடைய தலைமுடி வெளுத்துப்போகிறது, காதலி மெங் யூ விலகிப்போகிறாள், அவரைப் போக்குவரத்துப் பிரிவுக்கும் விளம்பரப் பிரிவுக்கும் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இவை அனைத்தும் அவருக்கு நேர்கின்றனவே தவிர, அவர் உள்ளே என்னவாக மாறினார் என்பதை நாம் பார்ப்பதில்லை. குற்றவாளிக்கு ஒரு முழு வாழ்க்கையைக் கொடுத்த எழுத்து, காவலருக்கு நேர்மை என்ற ஒரே குணத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டது.

பதிவு 2

முதலில் எழுதிய நண்பருக்கு நன்றி. நான் நீதிமன்றத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்த இந்தத் தொடரில் நானும் பாதியிலிருந்து சேர்ந்துகொண்டேன். பிறகு முதலிலிருந்து தனியாகவும் பார்த்தேன். தாங்கள் சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆன் ஷின்னைப் பற்றிய கருத்தை மட்டும் ஏற்க இயலவில்லை.

ஆன் ஷின்னும் பெற்றோரை இழந்தவர்தான். அவர்கள் காவல் பணியில் உயிர்நீத்தவர்கள் என்பதால், காவல்துறையின் மேல்மட்டத்தில் இருந்த இருவர் அவரைப் பிள்ளை போல வளர்த்தார்கள். அதாவது, இரண்டு அனாதைகளில் ஒருவனுக்குப் பின்னால் துறையே நின்றது. மற்றவனுக்குப் பின்னால் மீன் தொட்டிகள் நின்றன. நேர்மையாக இருப்பதற்கு ஆன் ஷின்னுக்கு இருந்த வசதி அவருடைய தோழர் லீ ஷியாங்குக்குக் கிடையாது. தமக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரே கறைபட்டவர் என்பதை அறிந்தும் அதை வெளியே சொல்ல முடியாமல், அதனாலேயே பதவி உயர்வும் பெற்று, உள்ளுக்குள் நொறுங்கி 2006 பகுதியில் இறந்துபோகிற லீ ஷியாங்தான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் துயர நாயகர். அவருக்கு அருகில் வைத்துப் பார்த்தால்தான் ஆன் ஷின்னின் பிடிவாதம் எப்படிப்பட்டது என்பது விளங்கும். அந்தப் பிடிவாதத்திற்குப் பிறர் விலை கொடுத்தார்கள் என்பது 2021இல் அவருக்கே தெரிந்திருக்கிறது. அவர் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டதற்கும், மேலதிகாரிகளிடம் வளைந்து கொடுப்பவரைப் போல நடந்துகொள்வதற்கும் அதுவே காரணம் என்று நான் புரிந்துகொண்டேன்.

மேலும் ஒன்று. ஒரு மனிதன்தான் குற்றம் செய்தான் என்று ஊருக்கே தெரிந்திருந்தும், சாட்சி இல்லாத காரணத்தால் வழக்கு நிற்காமல் போவதை என் பணிக்காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். காவ் சீச்சியாங் தானே கையை அழுக்காக்கிக்கொள்வதில்லை. அவன் சொல்லாமலே அவன் விருப்பத்தை நிறைவேற்றும் மனிதர்கள் இருக்கிறார்கள். தாங்கள் எடுத்துக்காட்டிய மீன் வாசகம் நகைச்சுவை அன்று, எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாத ஆணை. இதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய தொடர், முடிவில் வழக்கு எப்படி நிரூபிக்கப்பட்டது என்பதைக் காட்ட வேண்டிய இடத்தில் தடுமாறுவது எனக்கும் ஏமாற்றமே. வழிகாட்டுக் குழு வந்தவுடன் வாய்கள் திறக்கின்றன. பதினைந்து ஆண்டுகளாக ஏன் திறக்கவில்லை என்பதற்குப் பயம் என்று விடை சொல்கிறார்கள், ஆனால் இப்போது அந்தப் பயம் எப்படி நீங்கியது என்பதற்கு விடையே இல்லை. ஒரே ஒரு சாட்சி தயங்கித் தயங்கிப் பேசும் காட்சியை முழுமையாக எழுதியிருந்தாலும் போதுமானதாக இருந்திருக்கும்.

பதிவு 3

வணிக வேலையாகக் குவாங்சோவில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் ஒரு சிறு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். ஜிங்ஹாய் கற்பனை ஊராக இருந்தாலும், பெரும்பகுதி படமாக்கப்பட்டது குவாங்தோங்கின் ஜியாங்மென் நகரத்தில். ஆற்றங்கரையோரம் சாங்தி பகுதியில் நடைபாதையின் மேல் மாடி கவிந்திருக்கும் பழைய கடைவீடுகள் வரிசையாக இருக்கின்றன. வெளிநாடு சென்று பொருளீட்டியவர்களின் பணத்தில் எழுந்தவை அவற்றில் பல. தொடர் வெளிவந்த பிறகு சுற்றுலாப் பயணிகள் அங்கே திரண்டார்கள். நான் போனபோது, படப்பிடிப்பு நடந்த இடத்தில் வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டவர்களில் ஒருவர்கூடக் காவலரின் பெயரைச் சொல்லவில்லை. எல்லாரும் ‘காவ் அண்ணன்’ நின்ற இடம் எது என்றே கேட்டார்கள். காவ் படிப்பதாகக் காட்டப்படும் சுன்சூவின் போர்க்கலை நூலுக்கும் அந்த நாட்களில் சீனாவில் விற்பனை ஏறியது. அந்த நூலைப் படிக்கும்படி அவனுக்குச் சொன்னவர் ஆன் ஷின் என்பதை வாங்கியவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்களோ தெரியாது. காவ் செய்த கொலைகளை மறந்து அவனைக் கொண்டாடும் நிலையைத் தொடரே உருவாக்கிவிட்டதா என்ற கேள்வி எனக்கு உண்டு.

பதிவு 4 (முதல் பதிவை எழுதியவர்)

ஐயா, லீ ஷியாங்கைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்த பிறகு 2006 பகுதியை மீண்டும் பார்த்தேன். அவருக்கும் ஆன் ஷின்னுக்கும் இடையிலான பூசல்களில் தாங்கள் சொன்ன ஏற்றத்தாழ்வு தெளிவாகவே இருக்கிறது. ஆயினும் 2021இல் ஆன் ஷின்னின் குற்ற உணர்வை ஊகித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது என்பதில் நான் மாறவில்லை. ஜாங் யியின் முகம் அதைச் சொல்ல முயல்கிறது, வசனம் குறுக்கே வருகிறது.

தாங்கள் எழுப்பிய சாட்சிக் கேள்விக்கு, தொடர் உருவான விதத்திலேயே ஒரு பகுதி விடை இருப்பதாக நினைக்கிறேன். இது சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய அரசியல் சட்ட விவகாரக் குழுவின் வழிகாட்டுதலில் தயாரானது. 2018 முதல் 2020 வரை நாடு முழுவதும் நடந்த குண்டர் கும்பல் ஒழிப்பு இயக்கமும், 2021இல் காவல்துறைக்குள்ளும் நீதித்துறைக்குள்ளும் நடத்தப்பட்ட களையெடுப்பும் கதையின் பின்னணி. இயக்கம் வென்றதாகக் காட்டியே தீர வேண்டும் என்ற நிலையில், சாட்சியின் தயக்கத்துக்கோ தோல்விக்கான வாய்ப்புக்கோ திரைக்கதையில் இடம் கிடைப்பது கடினம். 2004இல் குற்றத் தொடர்களை முதன்மை நேரத்திலிருந்தே அகற்றும்படி ஒளிபரப்புத் துறை உத்தரவிட்ட நாடு அது. இன்று ஒரு நகரத்தின் துணை மேயர் கொலைகாரர்களோடு உறவாடுவதை அரசுத் தொலைக்காட்சியில் காட்ட முடிந்திருக்கிறது என்றால், அதற்குக் கடைசி மூன்றில் ஒரு பகுதி விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கதை இறந்த காலத்தில் இருந்தவரை எழுத்தாளர்களுக்குச் சுதந்திரம் இருந்தது. நிகழ்காலத்தைத் தொட்டவுடன் அது சுருங்கிவிட்டது. வாயசைவு பொருந்தாத இடங்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

குவாங்சோ நண்பரின் கேள்விக்கு: கொண்டாட்டத்திற்குத் தொடரே காரணம் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் காவைக் கவர்ச்சியாகக் காட்டியதால் அன்று. எதிர்த்தரப்பில் அவனுக்கு ஈடான ஒரு மனிதரை நிறுத்தாததால் பார்வையாளரின் மனம் அவன் பக்கமே போய்விட்டது. டான் சியான் என்ற நேர்மையான அரசு ஊழியர் இறுகும் கான்கிரீட்டுக்குள் உயிரோடு புதைக்கப்படுகிறார். அந்தக் கொடூரம் மனத்தில் தங்கும் அளவுக்கு அந்த மனிதர் தங்குவதில்லை. அவர் வீட்டில் எப்படி இருந்தார், எதற்குப் பயந்தார், ஏன் தனியாகவே அந்த ஆவணங்களைத் திரட்டினார் என்பதற்கு இரண்டு பகுதிகளை ஒதுக்கியிருந்தால், ஜியாங்மென்னில் அவர் பெயரையும் யாராவது கேட்டிருப்பார்கள்.