நியூ ஜெர்சியில் கஞ்சாக் கடை உரிமம்: சிறுபான்மையினர் முன்னுரிமை நமக்கும் உண்டா?

கேள்வி: வணக்கம் அண்ணா. எடிசன் ஊருக்குக் குடிவந்து ஓராண்டுகூட ஆகவில்லை. நான் எச்-1பி வேலை விசா, மனைவி அதைச் சார்ந்த எச்-4 விசா. தெரிந்த ஒருவர் கஞ்சாக் கடைக்கு உரிமம் எடுக்கப் போகிறார். சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் இங்கே முன்னுரிமை உண்டாம். மனைவி பெயரில் 51 விழுக்காடு பங்கை எழுதிக்கொள்ளுங்கள், பணம் முழுவதும் நான் போடுகிறேன் என்கிறார். மாநிலச் சட்டப்படி எல்லாம் சரி என்றும் சொல்கிறார். இறங்கலாமா?

பதில்: தம்பி, இறங்க வேண்டாம். உங்கள் மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. காரணத்தை விரிவாக எழுதுகிறேன். புதிதாக வந்தவர்கள் பலரிடம் இப்படிப்பட்ட பேச்சு வருகிறது.

மாநிலச் சட்டப்படி சரி என்று அவர் சொன்னது பொய் இல்லை. 2020 நவம்பரில் நியூ ஜெர்சி மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள், 2021 பிப்ரவரியில் ஆளுநர் பில் மர்ஃபி சட்டத்தில் கையெழுத்திட்டார், 2022 ஏப்ரல் 21 அன்று பெரியவர்களுக்கான விற்பனை தொடங்கியது. ஆனால் உங்கள் விசாவைக் கொடுத்தது நியூ ஜெர்சி இல்லை. அதைக் கொடுத்த அமெரிக்க மத்திய அரசின் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை வைத்துக் கஞ்சா விற்பது குற்றம். குடியேற்ற அதிகாரி பார்ப்பது அந்தச் சட்டத்தை மட்டும்தான்.

குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் போதைப்பொருள் வணிகத்தில் ஈடுபட்டார் என்று ‘நம்புவதற்குக் காரணம்’ இருந்தாலே அவரை நாட்டுக்குள் விட மறுக்கலாம். வழக்கு வேண்டாம், தண்டனை வேண்டாம். உரிமத் தாளில் இருக்கும் பெயரே அந்தக் காரணமாகிவிடக்கூடும். அதே பிரிவு குடும்பத்தையும் சேர்த்து இழுக்கிறது: அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தே கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் அதில் பயன் அடைந்த கணவன், மனைவி, மகன், மகள் ஆகியோருக்கும் கதவு மூடலாம். மனைவி பெயரில்தானே பங்கு, நம் எச்-1பிக்கு என்ன என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைக்குப் போய்த் தூதரகத்தில் விசா முத்திரை வாங்கும் நாளில் இது எழும்.

கிரீன் கார்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். குடியுரிமைத் துறை 2019 ஏப்ரல் 19 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லிவிட்டது: மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பது, நன்னடத்தை உள்ளவர் என்ற தகுதியைக் கெடுக்கலாம். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில், போதைப்பொருளைப் பயிரிட்டது உண்டா, விநியோகித்தது உண்டா, விற்றது உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் ஒரு சிக்கல், மறைத்தால் அதைவிடப் பெரிய சிக்கல். கல்லாவில் நிற்கும் வேலைக்கும் இது பொருந்தும். கஞ்சாக் கடைக்குக் கணக்கெழுதுவது, கட்டடத்தை வாடகைக்கு விடுவது போன்றவற்றையும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தொடாதீர்கள். கஞ்சா உரிமத்துக்கான வழக்கறிஞர் வேறு, குடியேற்ற வழக்கறிஞர் வேறு. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவர் இரண்டாமவர்.

இனி, குடியுரிமை பெற்று, உண்மையாகவே சிறிய அளவில் இந்தத் தொழிலைத் தொடங்க நினைப்பவர்களுக்கு.

இந்த முன்னுரிமை ஏன் வந்தது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கஞ்சாவைக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.64 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமான ஏசிஎல்யூ 2020இல் கணக்கிட்டது. கையில் ஒரு சிறு பொட்டலம் வைத்திருந்ததற்காக வேலையையும் வீட்டையும் இழந்தவர்கள் ஒருபுறம். தடை நீங்கியதும் அதே பொருளைப் பெருமுதலோடு வந்து விற்றவர்கள் மறுபுறம். இந்த அநீதியைக் கொஞ்சமாவது சரிசெய்யத்தான் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் 2017இல், பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிமத்தில் முன்னுரிமை தரும் சமபங்குத் திட்டத்தைத் தொடங்கியது. இல்லினாய், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களும் வெவ்வேறு வடிவில் இதைச் செய்கின்றன. நியூயார்க் தன் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில், உரிமங்களில் பாதி இத்தகைய சமபங்கு விண்ணப்பதாரர்களுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தது.

நியூ ஜெர்சியில் மூன்று வகைகளுக்கு முன்னுரிமை உண்டு. சிறுபான்மையினர், பெண்கள், ஊனமுற்ற முன்னாள் படைவீரர் ஆகியோர் நடத்தும் தொழில்கள் ஒரு வகை. இந்தியத் துணைக்கண்டத்து வம்சாவளியினர் இதற்குள் வர முடியும். இரண்டாவது வகை சமூக நீதித் தொழில்கள். பொருளாதாரத்தில் பின்தங்கிய பகுதியில் கடந்த பத்து ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்த குறைந்த வருமானக்காரர்கள் அல்லது பழைய கஞ்சா வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதில் வரமாட்டோம், வர முயலவும் கூடாது. மூன்றாவது, நூவர்க், பேட்டர்சன், கேம்டன் போல அதிகம் பாதிக்கப்பட்ட நகரங்களில் தொடங்கும் தொழில்கள். இவை தவிர, குறுந்தொழில் உரிமம் என்று தனியாக ஒன்று இருக்கிறது: பத்துப் பணியாளர்களுக்கு மேல் கூடாது, இடம் 2,500 சதுர அடிக்குள். கடன் வாங்கிப் பெரிய கடை போடுவதைவிடச் சிறியவர்களுக்கு இதுதான் ஏற்றது என்பது என் கருத்து. மாநிலத்தின் தொழில் உதவி மையம் நடத்தும் இலவச இணையவழிப் பயிற்சி வகுப்பும் உண்டு. விண்ணப்ப ஆலோசகர் என்று வருபவரிடம் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுப்பதற்கு முன்னால் அதை முடித்துவிடுங்கள்.

முன்னுரிமை கிடைத்தால் உங்கள் விண்ணப்பத்தை முதலில் எடுத்துப் பார்ப்பார்கள். கடையைத் திறக்கும் வேலை அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ஊராட்சி ஒப்புதல் வேண்டும், நியூ ஜெர்சியின் பெரும்பாலான ஊர்கள் 2021இலேயே கஞ்சாத் தொழில் எங்களுக்கு வேண்டாம் என்று தீர்மானம் போட்டுவிட்டன. ஒப்புக்கொண்ட ஊர்களில் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிச் சொல்கிறார், உரிமம் வரும்வரை காலிக் கடைக்கு வாடகை கட்ட வேண்டியிருக்கிறது. சிறு வணிகருக்கான மத்திய அரசு ஆதரவுக் கடன் கிடையாது. பெரிய வங்கிகள் பெரும்பாலும் கணக்கே திறப்பதில்லை.

வருமான வரிதான் பலரைக் கவிழ்த்தது. 1982இல் வந்த 280இ என்ற பிரிவின்படி, அந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருள்களைப் பிரித்து வைத்திருக்கும் ஐந்து பட்டியல்களில் முதல் இரண்டில் உள்ளதை விற்பவர் வாடகை, சம்பளம், மின்கட்டணம் எதையும் செலவாகக் கழிக்க முடியாது, சரக்கின் விலையை மட்டும்தான் கழிக்கலாம். ஒரு கடை ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு விற்கிறது என்று வையுங்கள். சரக்கு 6 லட்சம், வாடகையும் சம்பளமும் 3.5 லட்சம். கையில் நிற்பது 50,000. மளிகைக் கடையாக இருந்தால் இந்த 50,000க்கு வரி. இங்கே 4 லட்சத்துக்கு வரி. நிறுவன வரி 21 விழுக்காடு என்றால் 84,000 டாலர், அதாவது லாபத்தைவிட 34,000 கூடுதல். கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு மாற்ற 2024 மே மாதம் நீதித்துறை முன்மொழிந்தது. அப்படி மாறினால் இந்த வரிச்சுமை இறங்கும். ஆனால் மாநில உரிமத்தில் நடக்கும் கடைவிற்பனை அதனால் மத்திய சட்டத்துக்கு ஏற்புடையதாகிவிடாது. குடியேற்றச் சிக்கல் அப்படியே இருக்கும்.

வங்கிக் கடன் இல்லாத இடத்தில்தான் உங்களுக்குத் தெரிந்தவரைப் போன்றவர்கள் நுழைகிறார்கள். தாளில் 51 விழுக்காடு ஒரு பெண்ணின் பெயரில் இருக்கும். ஒப்பந்தத்தின் உள்ளே போய்ப் பாருங்கள்: காசோலையில் கையெழுத்திடுவது யார், மேலாளரை நீக்குவது யார், ‘நிர்வாகக் கட்டணம்’ என்று மாதாமாதம் எவ்வளவு போகிறது, அந்த 51 விழுக்காட்டை எந்த விலைக்கு எப்போது பறித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. எல்லாம் முதலீட்டாளர் கையில் இருந்தால் அது பினாமி, வேறொன்றும் இல்லை. உரிம ஆணையம் உரிமையாளர், பணம் வந்த வழி, நிர்வாக ஒப்பந்தம் எல்லாவற்றையும் கேட்கிறது. பிடிபட்டால் மாட்டுவது தாளில் பெயர் உள்ளவர்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், தம்பி. இடஒதுக்கீட்டுக்காகப் போராடிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். போலிச் சான்றிதழ் கொடுத்து அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்தவரைப் பற்றி என்ன நினைப்போம்? பேட்டர்சனில் சிறைக்குப் போய் வந்த ஒருவருக்காக ஒதுக்கிய வாய்ப்பை, முழுப் பணமும் வைத்திருக்கும் ஒருவர் நம் வீட்டுப் பெண்ணின் பெயரை வைத்து எடுத்துக்கொள்வதற்கு நாம் துணைபோகக் கூடாது. தகுதியுள்ள தமிழர் தன் உழைப்பில், தன் பொறுப்பில் கடை போட்டால் நான் முதல் ஆளாக மகிழ்வேன்.

கேள்வி: அண்ணை, நான் டொரொண்டோவில் இருக்கிறேன், கனேடியக் குடியுரிமை உண்டு. ஸ்காபரோவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில் வேலை. நியூ ஜெர்சியில் மச்சாளின் கலியாணத்துக்கு வரலாமா?

பதில்: வரலாம், தம்பி. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா நாடு முழுவதும் சட்டப்படியானது, அங்கே மத்திய அரசே அனுமதித்திருக்கிறது. அதே மாதம் அமெரிக்க எல்லைத் துறை விளக்கம் கொடுத்தது: கனடாவில் சட்டப்படி இத்தொழிலில் இருக்கும் கனேடியக் குடிமகன், தொழிலோடு தொடர்பில்லாத காரணத்துக்காக வந்தால் பொதுவாக உள்ளே விடுவார்கள். தொழில் தொடர்பாக, அதாவது கண்காட்சிக்கோ முதலீட்டுப் பேச்சுக்கோ வருபவரைத் தடுக்கலாம். கலியாண அழைப்பிதழைக் கையில் வையுங்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பையில் கஞ்சா மிட்டாய்கூட இருக்கக் கூடாது, எல்லை தாண்டிக் கொண்டுவருவது இரு நாட்டிலும் குற்றம். உங்கள் கடையில் நிரந்தரக் குடியிருப்போடு வேலை பார்க்கும் நண்பர்கள் இந்த விளக்கத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். அது கனேடியக் குடிமக்களுக்காகச் சொன்னது. அவர்கள் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.