மறுமொழி: சரளைக் குழியும் நிலத்தடி நீரும் – ‘மீட்பு’, ‘சரிவு’ இரண்டும் பொருந்துமா?

குழுவினர்க்கு வணக்கம். நம் கலைச்சொல் விவாதத்தில் ஒருவர் முன்வைத்த கருத்துக்கு இது என் மறுமொழி. அவர் எழுதியது:

> சரளை தோண்டுவதால் கிணறுகளில் நீர் இறங்குவதை ‘நீர்மட்டச் சரிவு’ என்றும், தோண்டியபின் குழியைச் செப்பனிடுவதை ‘நில மீட்பு’ என்றும் எழுதலாம்.

ஐயா, இரண்டு சொற்களையும் ஏற்க இயலவில்லை.

நிலத்தடி நீர்ப்பரப்பு பெரும்பாலும் சாய்வாகவே இருக்கும். அந்தச் சாய்வினால்தான் நீர் ஒரு பக்கம் நோக்கி நகர்கிறது. ‘சரிவு’ அந்தச் சாய்வுக்கே உரிய சொல். இறங்குவதையும் அதே சொல்லால் குறித்தால், “நீர்மட்டச் சரிவு குறைந்தது” என்ற தொடரைப் படிப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார்? இறங்குவதற்குத் ‘தாழ்வு’ போதும். இறைப்பதால் வரும் இறக்கத்தை ‘இறைப்புத்தாழ்வு’ எனலாம். ‘இறைத்தாழ்வு’ வேண்டாம், ‘இறை’ கடவுளையும் வரியையும் நினைவூட்டும்.

அடுத்து, குழியில் நடப்பது. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் அருகே, தேம்ஸ் ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க் என்னும் ஏரிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே 150-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன; அவை சரளை தோண்டிய குழிகள். களிமண் அடித்தளத்தின்மேல் சில மீட்டர் தடிப்பில் மட்டும் சுண்ணாம்புச் சரளை படிந்திருக்கிறது. நீரைத் தாங்குவதும் அந்தச் சரளைதான். குழியை உலர வைத்துத் தோண்ட வேண்டுமானால் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் சுற்றிலும் நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழ்கிறது. அருகிலுள்ள ஆழமில்லாத கிணறுகளும் ஓடைகளும் முதலில் வற்றுகின்றன. இங்கிலாந்தில் 2018 ஜனவரி 1 வரை குவாரிகளில் இப்படி இறைக்கும் நீருக்கு உரிமமே தேவைப்படவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

இறைப்பை நிறுத்தியதும் கூம்பு நிரம்பிவிடும். நம் விவாதம் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடப்பது.

குழி ஏரியாகும்போது, சாய்வாக இருந்த நீர்ப்பரப்பு குழியின் நீளம் முழுதும் கிடையாகிவிடுகிறது. குழி 500 மீட்டர் நீளம், நிலத்தடி நீர்ப்பரப்பின் சாய்வு 250 மீட்டருக்கு 1 மீட்டர் என்று கொள்வோம். இரு முனைகளுக்கும் இடையே முன்பு 2 மீட்டர் வித்தியாசம் இருந்திருக்கும். ஏரி நடுமட்டத்தில் நின்றால், நிலத்தடி நீர் வந்துசேரும் மேல்கரையில் 1 மீட்டர் தாழ்வு, அது வெளியேறும் கீழ்க்கரையில் 1 மீட்டர் ஏற்றம். சில மீட்டர் தடிப்பே உள்ள சரளையில் ஒரு மீட்டர் பெரிய மாற்றம். மேல்கரையில் கிணறு வற்றும். கீழ்க்கரையில் வயல் ஊறிக்கிடக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல நுண்வண்டல் கீழ்க்கரையை அடைக்கும்போது ஏரியின் மட்டம் மேலும் உயரும். ‘தாழ்வு’ என்ற ஒரே சொல் இதில் பாதியைத்தான் சொல்லும். எனவே இந்நிகழ்வுக்கு ‘மட்டங்கொள்ளல்’ என்பதை முன்வைக்கிறேன். கொத்தனார் முதல் உழவர் வரை அனைவருக்கும் ‘மட்டம்’ தெரியும். அதன் விளைவுகளை ‘மேல்கரைத் தாழ்வு’, ‘கீழ்க்கரை ஏற்றம்’ எனலாம். நீர்மட்டத்தின் உயரம் முன்பிருந்ததிலிருந்து மாறாத இடங்களை இணைக்கும் கோடு ‘மாறாக்கோடு’.

குழியைக் களிமண்ணோ கழிவு மண்ணோ இட்டு மூடினால் நேர்மாறாக நடக்கும். நீர் அதனுள் எளிதில் புக முடியாமல் மேல்புறம் தேங்கி உயரும், கீழ்ப்புறம் தாழும். பல குழிகள் அடுத்தடுத்து இப்படி மூடப்பட்டால் நீரின் வழியே மாறிவிடும். ஏரியாக விட்ட குழிக்கும் மண்ணிட்ட குழிக்கும் விளைவு எதிரெதிராக இருக்கும்போது, இரண்டையும் ‘மீட்பு’ என்ற ஒரே சொல்லில் மூடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. மேலே பசுமை திரும்பியிருக்கலாம். அகற்றிய சரளை திரும்பவில்லை. பொதுச்சொல்லாக ‘மறுவமைப்பு’ இருக்கட்டும். அதன்கீழ் ‘நீர்க்குழி’, ‘தூர்த்த குழி’ என இரு வகை. கிணற்றைத் தூர்த்தல் என்பது ஊரில் வழங்கும் சொல்தான்.

> ‘கிராவல் குழி’ என்றாலே மக்களுக்குப் புரியுமே?

புரியும், ஆனால் வேறொன்றாக. தமிழ்நாட்டில் கிராவல் என்றால் சாலைக்கும் மேடு நிரப்பவும் வெட்டும் செம்மண் கலந்த மண். நாம் பேசுவது ஆறு கொண்டுவந்து படியவைத்த, நீர் நிறைந்த கல் அடுக்கு. அதற்குச் ‘சரளைக் குழி’யே சரி.

‘மட்டங்கொள்ளல்’ பெயரடையாக வருமிடங்களில் நீளமாகத் தோன்றலாம். ‘மட்டங்கொள் விளைவு’ என்று சுருக்கிப் பார்த்தேன். இலக்கணம் அறிந்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.