புதுப்பிப்பு: வெறுங்குலையிலிருந்து எண்ணெய் வருமா?

மலேசியாவில் குளுவாங் பக்கம் செம்பனை (பாமாயில்) ஆலைகளில் குவிந்து கிடக்கும் வெறுங்குலையை, அதாவது பழத்தை உதிர்த்தபின் மிஞ்சும் குலையை, நுண்ணுயிரை வைத்து எண்ணெயாக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

முடியும். குலையின் நாரை முதலில் சர்க்கரையாக உடைக்க வேண்டும், அப்புறம் அதை லிப்போமைசஸ் ஸ்டார்க்கியை மாதிரி ஈஸ்டுக்குத் தீனியாகப் போட வேண்டும். சர்க்கரை தாராளமாக இருந்து நைட்ரஜன் மட்டும் தீர்ந்துபோனால் அது பெருகுவதை நிறுத்திவிட்டுக் கொழுப்பை உடம்புக்குள் சேர்க்கத் தொடங்கும். சூழல் சரியாக அமைந்தால் உலர் எடையில் பாதிக்கு மேல்கூட எண்ணெய்தான், அதுவும் செம்பனை எண்ணெய் போலவே பால்மிட்டிக், ஒலியிக் என்ற கொழுப்பு அமிலங்கள் நிறைந்தது. (செம்பனைக் கழிவிலிருந்து இன்னொரு செம்பனை எண்ணெய், வேடிக்கைதான்!)

"வீட்டில் டிரம்மில் செய்யலாமா அண்ணே" என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம்பா. இடைவிடாமல் காற்று ஊத வேண்டும், வேறு கிருமி நுழையக்கூடாது, கடைசியில் செல்லை உடைத்து எண்ணெயைப் பிரிக்க வேண்டும், காசு அங்கேதான் கரையும். ஆலைக் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டு மீத்தேன் எரிவாயு பிடிப்பதுதான் இப்போதைக்குக் கட்டுப்படியாகும் என்பது என் கணக்கு. ஆனால் அதே கழிவுநீர் புளிக்கும்போது, மீத்தேன் ஆவதற்கு முன்னால் அசிட்டிக் அமிலம் உண்டாகும், அதைத் தின்றே எண்ணெய் சேர்க்கும் யாரோவியா லிப்போலிட்டிகா என்றொரு ஈஸ்ட் இருக்கிறது. அடுத்து அதைத்தான் தோண்டிப் பார்க்கப் போகிறேன்.