கிறிஸ்டியன்ஸ்டெட் துறைமுகத்து நீர்விமானங்கள்: ஏறியவர்களும் பார்த்தவர்களும் எழுதுங்கள்

கடலோடி முத்து

கரீபியனில், அமெரிக்க வர்ஜின் தீவுகளான செயின்ட் குரோய்க்கும் செயின்ட் தாமஸுக்கும் இடையே பறந்த நீர்விமானத்தை இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உல்லாசக் கப்பலில் வேலை பார்த்த காலம். செயின்ட் தாமஸின் ஷார்லட் அமாலியில் விடுப்புக் கிடைத்ததும் சீபோர்ன் நிறுவனத்து ட்வின் ஆட்டர் மிதவை விமானத்தில் டிக்கெட் எடுத்தேன். துறைமுகத்துக்குள்ளேயே ஓடி எழும்பி, 40 மைல் கடலைத் தாண்டி, செயின்ட் குரோயின் கிறிஸ்டியன்ஸ்டெட் ஊர்வாசலில் இறங்கிவிடும். பவளப்பாறை வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதற்கு உள்ளே டேனிஷ்காரர்கள் கட்டிய மஞ்சள் கோட்டை. மிதவை தண்ணீரைத் தொட்டதும் ஜன்னல் முழுவதும் நுரை.

பக்கத்தில் ஒரு மூதாட்டி. இளவயதில் கூஸ் என்ற பழைய நீர்விமானத்தில் அடிக்கடி போனவராம். "அப்படியானால் அவற்றை நடத்திய காப்டன் பிளேரைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஆர்வமாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தவர், விமானம் துறைமேடையில் கட்டப்படும் வரை விடவே இல்லை. யாரை நினைத்துக்கொண்டார்? இன்றுவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சவுத்தாம்ப்டன் ரகு

பிளேர் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1951இல் ஒற்றை எஞ்சின் மஸ்டாங்கில் தனியாளாக வடதுருவத்தைக் கடந்தவர். 1964இல் செயின்ட் குரோயில் ஆன்டிலிஸ் ஏர் போட்ஸ் என்ற நீர்விமான நிறுவனத்தைத் தொடங்கினார். கூஸ் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவர் சாண்ட்ரிங்ஹாம் என்ற பெரிய பறக்கும் படகு வைத்திருந்ததை யாரும் பேசுவதில்லை. நான்கு எஞ்சின், இரண்டு தளம். 1943இல் போருக்காக சண்டர்லாந்து என்ற ராணுவ விமானமாகக் கட்டப்பட்டு, பின்பு பயணிகளுக்காக மாற்றப்பட்டு, ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவுக்குப் பறந்து, 1974இல் அந்தச் சேவை நின்றதும் கரீபியனுக்கு வந்தது. பிளேர் அதற்கு 'சதர்ன் கிராஸ்' என்று பெயரிட்டார்.

அதே விமானம் இப்போது எங்கள் ஊர், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் உள்ள சோலன்ட் ஸ்கை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உள்ளே ஏறி உட்காரலாம். ஆனால் உடலில் இருப்பது அன்செட் விமான நிறுவனத்து வண்ணமும் 'பீச்கோம்பர்' என்ற பழைய ஆஸ்திரேலியப் பெயரும்தான். இருக்கையில் அமர்ந்து வட்ட ஜன்னலில் கை வைத்தபோது, இதே கண்ணாடி வழியாக கிறிஸ்டியன்ஸ்டெட் கோட்டையைப் பார்த்தவர்களைப் பற்றித்தான் யோசித்தேன். அவர்கள் கதையை யாராவது எழுதிவைக்க வேண்டும்.

குரோய் ஆசிரியை

முத்து, அந்த அம்மாவிடம் நீங்கள் கேட்டது அந்தத் தீவில் லேசான கேள்வி அல்ல. 1978 செப்டம்பர் 2. பிளேரே ஓட்டிய கூஸ், செயின்ட் குரோயிலிருந்து செயின்ட் தாமஸுக்குப் போகும்போது ஓர் எஞ்சின் செயலிழந்தது. மிஞ்சிய எஞ்சினால் உயரத்தைத் தாக்குப்பிடிக்க முடியாமல் கடலில் மோதியது. விமானத்தில் இருந்த 11 பேரில் நான்கு பேர் இறந்தார்கள், பிளேரும் ஒருவர். அவருடைய மனைவி, நடிகை மொரீன் ஒஹாரா, அதன் பிறகு நிறுவனத்தை நடத்தினார். அமெரிக்காவில் கால அட்டவணைப்படி பறக்கும் விமான நிறுவனத்துக்குத் தலைவரான முதல் பெண் அவர். சின்னத் தீவு. அந்த வழித்தடத்தில் போகாத குடும்பமே கிடையாது.

நான் அங்கே பள்ளியில் பாடம் நடத்தப் போனது அதற்குப் பிறகு. எனக்குத் தெரிந்தவை மல்லார்டு என்ற நீர்விமானங்கள், வர்ஜின் ஐலண்ட்ஸ் சீப்ளேன் ஷட்டில் நிறுவனம் ஓட்டியவை. 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் அடித்த மறுநாள் கரைப்பக்கம் போனேன். இறக்கை ஒடிந்து கிடந்த ஒரு மல்லார்டின் மேல் ஒரு சிறுவன் ஏறி உட்கார்ந்திருந்தான். இறங்கச் சொன்னேன். "இனிமேல் இது பறக்காதே, டீச்சர்" என்றான். உண்மைதான். அந்தச் சேவை அந்தப் புயலோடு முடிந்தது.

ஹார்ட்ஃபோர்ட் சிவா

ஒரு திருத்தம். முதல் பதிவில் ட்வின் ஆட்டரையும் கூஸையும் அடுத்தடுத்துச் சொல்லியிருப்பதால் இரண்டும் ஒரே வகை என்று புதியவர்கள் நினைத்துவிடக் கூடாது. ட்வின் ஆட்டர் மிதவையின் மேல் நிற்கும் விமானம். கூஸ், மல்லார்டு, சாண்ட்ரிங்ஹாம் ஆகியவற்றுக்கு உடலே படகு, வயிறு நேராகத் தண்ணீரில் அமரும். கூஸுக்கும் மல்லார்டுக்கும் சக்கரமும் உண்டு, சாய்தளத்தில் தானாகவே கரையேறும்.

ரகு, பிளேரின் பெரிய படகு சாண்ட்ரிங்ஹாம் மட்டும் அல்ல. சிகோர்ஸ்கி நிறுவனத்து விஎஸ்-44 பறக்கும் படகு 'எக்ஸ்காம்பியன்' அதற்கு முன்பே அவரிடம் இருந்தது. மொத்தம் மூன்றுதான் கட்டினார்கள். மிஞ்சியது இது ஒன்று. 1969இல் ஷார்லட் அமாலி துறைமுகத்தில் பாறையில் அடிபட்டு, பிறகு பறக்கவே இல்லை. பல வருடம் கரையில் கிடந்ததை கனெக்டிகட்டுக்குக் கொண்டுவந்து, சிகோர்ஸ்கியின் ஓய்வுபெற்ற தொழிலாளர்களே சீரமைத்தார்கள். அதை முதலில் கட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். நியூ இங்கிலாந்து விமான அருங்காட்சியகத்தில் அதன் வயிற்றுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு பெரிய உடல், தண்ணீரைக் கிழிக்கும் இடத்தில் வெறும் அலுமினியத் தகடு. கழுத்து வலிக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.

மாலே மெக்கானிக்

எல்லோரும் புயலையும் பாறையையும் சொல்கிறீர்கள். உப்பை ஒருவரும் சொல்லவில்லை. மாலத்தீவில் மிதவை ட்வின் ஆட்டர்களில் வேலை செய்தவன் நான். ஒரு மாலை, மிதவையின் மூடியைத் திறந்தபோது ஆணி வரிசையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் தேய்த்தேன், தகடும் சேர்ந்து உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்த மிதவை அது.

ஆசிரியை அவர்களே, புயல் ஒரே இரவில் செய்வதை உப்பு மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம். உப்போடு வயதும் சேரும். 2005 டிசம்பர் 19 அன்று மயாமியிலிருந்து பஹாமாஸின் பிமினிக்குக் கிளம்பிய சாக்ஸ் நிறுவனத்து மல்லார்டு, 1947இல் கட்டியது. உலோகக் களைப்பில் விரிசல் விட்டு வலது இறக்கை பிரிந்துபோனது. 20 பேரும் இறந்தார்கள். பழைய பறக்கும் படகுகள் அழகு என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி எங்கேயாவது நீர்விமானத்தில் ஏறப்போகிறவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நாள் முடிவில் விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறார்களா, எஞ்சினுக்குள்ளும் தண்ணீர் விட்டு அலசுகிறார்களா என்று கரையில் நின்று பாருங்கள். கழுவாத இடத்தில் நான் ஏற மாட்டேன். பெட்டியின் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், தண்ணீரிலிருந்து எழும்பும்போது ஒவ்வொரு கிலோவும் கணக்கு. காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள். உட்கார்ந்ததும் கதவு எத்தனை இருக்கை தள்ளி இருக்கிறது என்று கையால் தொட்டு எண்ணிக்கொள்ளுங்கள். மிதவை விமானம் கவிழ்ந்தால் தலைகீழாகத்தான் நிற்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது, கைதான் வழிகாட்டும். உயிர்காக்கும் சட்டையை உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது. 1996இல் கொமொரோஸ் கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில், உள்ளேயே ஊதிக்கொண்ட பலர் கூரையில் ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் இறந்தார்கள். கதவைத் தாண்டி வெளியே வந்த பிறகே கயிற்றை இழுங்கள். குழந்தைகளுக்கும் இதை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், எஞ்சின் ஓடத் தொடங்கினால் நீங்கள் சொல்வது அவர்கள் காதில் விழாது.