மந்தி மூளையின் பச்சைக் கனவளவை (பதப்படுத்தும் முன் இருந்த கனவளவை) எப்படி எடுப்பது?

திருகோணமலையில் வாகனம் மோதி இறந்த செங்குரங்கு ஒன்று, சாம்பல் மந்தி ஒன்று. இரண்டின் சிறுமூளைக் கனவளவையும் ஒப்பிட வேண்டும். மூளைகள் 10% போர்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் 4 மாதம், பிறகு பரபின் மெழுகில், 20 மைக்ரோமீற்றர் வெட்டுகள். 25 வெட்டுக்கு ஒன்று எடுத்து கவாலியேரி முறையில் (வெட்டுகளின் பரப்பை அவற்றின் இடைவெளியால் பெருக்கிக் கனவளவு காண்பது) புள்ளி எண்ணியாயிற்று.

செங்குரங்கில் சிக்கல் இல்லை. பச்சை எடையை மூளையின் அடர்த்தியான 1.036ஆல் (கிராம்/மில்லிலீற்றர்) வகுத்து, வெட்டுகளின் மொத்தக் கனவளவோடு ஒப்பிட்டுச் சுருக்கக் காரணி எடுத்தேன். மந்தியின் பச்சை எடைதான் குறிக்கப்படவில்லை. போர்மலின் எடை உதவாது. மூளை முதலில் ஊதும், பிறகு வற்றும். செங்குரங்கின் காரணியையே போட்டுப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை: சுருக்கம் மூளைக்கு மூளை மாறும், பதப்படுத்தலின் வித்தியாசம் இன வித்தியாசமாகத் தெரிந்துவிடும்.

மண்டையோடு இருக்கிறது. அறுத்த மேல்மூடியை டேப்பால் ஒட்டி, கடுகு நிரப்பி மூன்று தடவை அளந்தேன். அளவுகள் 2 மில்லிலீற்றருக்குள் ஒத்து வந்தன. அந்த அளவில் மூளையுறைக்கும் திரவத்துக்கும் எவ்வளவு கழித்தால் மந்தியின் பச்சைக் கனவளவு வரும்?