முயலின் பின்பகுதி அழுக்கானால் குளிப்பாட்டலாமா?

கேள்வி:
எங்கள் முயலுக்கு ஐந்து வயது. ஒரு வாரமாக அதன் வாலடியில் மென்மையான புழுக்கை ஒட்டிக் காய்ந்து, நாற்றம் வருகிறது. நாயைப் போலத் தொட்டியில் நிறுத்தி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டலாமா?

பதில் 1:
தயவுசெய்து முழுக் குளியல் வேண்டாம். முயலின் அடர்ந்த உள்மயிர் நனைந்தால் காய நெடுநேரம் ஆகும், அதற்குள் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டிய உடல் வெப்பம் இறங்கிவிடக்கூடும். அதைவிட நான் அஞ்சுவது அதன் உதையைத்தான். எலும்பு இலேசானது, பின்னங்கால் தசையோ மிக வலியது. வழுக்கும் தொட்டியில் மிரண்டு திமிறினால் முதுகெலும்பே முறியலாம்.

அழுக்கான இடத்தை மட்டும் கழுவுங்கள். அகன்ற பாத்திரத்தின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரை இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் ஊற்றி, மார்பையும் முன்னங்கால்களையும் ஒரு கையால் தாங்கியபடி பின்பகுதியை மட்டும் இறக்கி, காய்ந்தது ஊறிக் கரையும்வரை விரலால் மெல்லத் தேய்த்துவிடுங்கள். ஷாம்பு தேவையில்லை. பிய்த்து இழுத்தால் மெல்லிய தோல் கிழிந்துவிடும். பின்னர் துண்டால் ஒற்றி, மயிரின் வேர்வரை ஈரம் போகும்வரை கதகதப்பான அறையில் வைத்திருங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், அப்போது அது அசையாமல் கிடப்பது அமைதியால் அன்று, அச்சத்தால்.

பதில் 2:
அழுக்கு சிறிதளவே என்றால் தண்ணீரே வேண்டாம். சமையலுக்கான மக்காச்சோள மாவைத் (கார்ன்ஃப்ளார்) தூவி, விரலால் உதிர்த்து, நெருங்கிய பற்களுள்ள சீப்பால் வாரிவிடலாம். மாவு மூக்கருகே பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டால்கம் பவுடர் நுரையீரலுக்குக் கெடுதல்.

பதில் 3:
கழுவுவதோடு விட்டுவிடாதீர்கள். அந்த மென்மையான புழுக்கை முயல் தானே குனிந்து உண்ண வேண்டியது. அது ஒட்டிக் கிடக்கிறதென்றால் உடல் பருமன், மூட்டுவலி, பல்வலி, உலர்புல் குறைந்த தீனி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். ஈரமும் நாற்றமும் உள்ள இடத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுக்கள் பொரித்துத் தோலைத் தின்னத் தொடங்கும். ஆகவே தினமும் இருமுறை வாலடியைப் பாருங்கள். புழுவைக் கண்டாலோ, முயல் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே கழுவினேன், அடியில் தோல் சிவந்திருக்கிறது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை, எடை கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன். நாளைக் காலை மருத்துவரிடம் காட்டுகிறேன்.