ஹைலக்ஸ்: பார்க்க ஜோர், காட்டுப்பாதையில எப்படி?

கேள்வி: டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியோட முகப்பு கம்பீரம்தான். ஆனா 5.3 மீட்டர் நீளம். சேறு, மலை ஏத்தம் தாங்குமா? வச்சிருக்கிறவங்க சொல்லுங்க.

பதில் 1: முன்னாடி சிங்கம், பக்கவாட்டுல பார்த்தா வால் நீண்ட பல்லி! இழுவைக்குக் குறையே இல்ல: 2.8 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக்ல 500 நியூட்டன் மீட்டர், மேனுவல்ல 420. குழியிலேர்ந்து ஏறும்போது பின் பம்பர்தான் முதல்ல உரசும். சாய்வா ஏறுங்க.

பதில் 2: சேத்துல இறங்குறதுக்கு முன்னாடியே நிறுத்தி, நியூட்ரல்ல போட்டு 4எல்லுக்கு (நாலு சக்கரமும் மெதுவா, அதிக இழுவையோட சுத்துற லோ கியர்) மாத்துங்க. டயர்ல காத்தை இறக்கிடுங்க, 20 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். தார் ரோடு வந்ததும் திரும்பக் காத்தடிச்சுக்கங்க. டிஃப் லாக் (பின் சக்கரம் ரெண்டையும் ஒரே வேகத்துல சுத்த வைக்கிற பூட்டு) போட்டா நேரா மட்டும் போகணும், வளைச்சா ஆக்ஸிலுக்குக் கேடு. காஞ்ச தார்ல 4எச் (நாலு சக்கரமும் ஓடுற ஹை கியர்) வேண்டவே வேண்டாம், முன்-பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிச்சுக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிடும்.

பதில் 3: பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்), காலியா போனா குதிக்கும். ஆக்ஸிலுக்கு நேர் மேல 80 கிலோ மணல் மூட்டையைக் கட்டிப் போடுங்க. ஆத்துல இறங்கினா டிஃப்ரென்ஷியலோட (ஆக்ஸில் நடுவுல இருக்கிற கியர் பெட்டி) ஃபில்லர் போல்ட்டை, அதாவது ஆயில் ஊத்துற ஓட்டை மூடியைக் கழட்டி விரல் விட்டுப் பாருங்க. ஆயில் பால் டீ நிறத்துல இருந்தா தண்ணி புகுந்தாச்சு, உடனே மாத்துங்க.